நெடுஞ்சாலைக்கு ஒப்புதல் அளிப்பவர் யார்?

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் சாலைகளைக் கொண்டு மதிப்பிடுவது நெடுங்கால வழக்கம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர் எந்த நாட்டுக்கும் பின்வாங்க வேண்டியதில்லை. இந்தப் பெருமையில் நம்மவர்க்கும் பழைய பங்கொன்று உண்டு. 1825-ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பெற்ற இந்தியக் கைதிகளும், அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும், 1873 வரையில் இத்தீவின் காட்டை வெட்டினார்கள்; சதுப்பைத் தூர்த்தார்கள்; கல்லுடைத்துச் சாலை போட்டார்கள். அந்நாளில் சாலை எங்கே போகவேண்டும் என்று தீர்மானித்தவர் ஆட்சியாளர் ஒருவரே. வெட்டியவனிடமும் எவரும் கேட்கவில்லை. அங்கே குடியிருந்தவனிடமும் எவரும் கேட்கவில்லை.

இன்று நிலைமை அவ்வாறில்லை. ஒரு விரைவுச்சாலையோ மேம்பாலமோ எழவேண்டுமானால் பல அலுவலகங்களையும் பல கையொப்பங்களையும் அது கடந்து வரவேண்டும். 1995-இல் அமைக்கப்பெற்ற நிலப் போக்குவரத்து ஆணையம் திட்டத்தை வகுக்கிறது. நகர மறுசீரமைப்பு ஆணையம் நிலப் பயன்பாட்டைப் பார்க்கிறது. கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமைப்பின் உறுதியைப் பார்க்கிறது. நில எடுப்புச் சட்டம் நிலத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் இருந்தும், 2004 முதல் சாலை தொடர்பான பெரும் விபத்துகள் இரண்டும், பெரும் வழக்காடல் ஒன்றும் இந்நாட்டில் நிகழ்ந்துள்ளன. அவற்றை ஒன்றுசேர வைத்துப் பார்த்தால், ஒப்புதல் என்னும் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பது விளங்கும்.

ஒப்புதலின் இரு பகுதிகள்

ஒரு சாலைத் திட்டத்துக்கு அளிக்கப்படும் ஒப்புதல் இரு வினாக்களுக்கு விடையாக அமைகிறது. "இச்சாலை வேண்டுமா? வேண்டுமெனில் இவ்வழியேதான் போகவேண்டுமா?" என்பது முதல் வினா. "கட்டினால் நிற்குமா?" என்பது இரண்டாவது. முதல் வினா மக்களைச் சார்ந்தது. இரண்டாவது பொறியியலைச் சார்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் கேடு மிகுதி. உறுதியான பாலம் என்பதால் அது தேவையான பாலம் ஆகிவிடாது. தேவையான பாலம் என்பதால் அது உறுதியாக நின்றுவிடவும் மாட்டாது.

ஆயினும் இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. ஒப்புதல் அளிப்பவர் மறுக்கவும் வல்லவராக இருத்தல் வேண்டும். மறுக்கும் உரிமையோ துணிவோ இல்லாதவர் இடும் கையொப்பம் வெறும் மை. ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் கொண்டுவருபவனே நிறுத்து, அவனே எழுதி, அவனே கணக்கும் சொன்னால் அந்தக் கணக்கை எவர் நம்புவார்? ஆதலால்தான் கொண்டுவருபவன் ஒருவன், நிறுப்பவன் ஒருவன், எழுதுபவன் ஒருவன் என்று வைத்தார்கள். பெரிய பாலங்களுக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

சிராங்கூன் ரோட்டில் கிடைத்த பாடம்

இரண்டாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். இதில் சிங்கப்பூர் பெற்ற முதற் பெரும் பாடம், தமிழர் நாள்தோறும் நடக்கும் சிராங்கூன் ரோட்டிலேயே கிடைத்தது. 1986 மார்ச் 15-ஆம் நாள், சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் கூடும் இடத்தில் இருந்த ஆறு மாடி நியூ வேர்ல்டு ஓட்டல் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அப்போது நகரில் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்களும் மீட்புக்கு ஓடிவந்து, கல்லுக்கும் கம்பிக்கும் இடையே வழி குடைந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த காரணம் கேட்போரைத் திகைக்க வைத்தது. கட்டடத்தை வடிவமைத்தபோது கட்டடத்தின் தன் எடையே கணக்கில் சேர்க்கப்படவில்லை. உள்ளே வரும் மனிதர், மேசை, நாற்காலி ஆகியவற்றின் சுமை எண்ணப்பட்டது. தூணும் தளமும் சுவரும் ஆகிய பெருஞ்சுமை விடுபட்டது. 1971-இல் எழுந்த அந்தக் கட்டடம், தன்னைத் தானே சுமக்க இயலாமல், பதினைந்து ஆண்டுகள் நின்று பின்னர் வீழ்ந்தது. ஒரு பள்ளி மாணவன் கூட்டல் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். இங்கே சுழிக்க எவரும் இல்லை.

இதன் விளைவாகவே 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர் இருக்க, அவரைச் சாராத வேறொரு பொறியாளர் அதே கணக்கைத் தாமே புதிதாகப் போட்டுப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் என்பது அவருக்குப் பெயர். முன்னவர் போட்ட கணக்கை மேலோட்டமாகப் பார்த்துத் தலையசைப்பது அவர் வேலையன்று. முதலிலிருந்து தாமே கணக்கிடுவதுதான் அவர் கடமை. 33 உயிர்களின் விலையாகப் பெற்ற நல்ல ஏற்பாடு அது.

எல்லையையே நகர்த்திய கதை

இரண்டாவது பாடம் நிக்கல் நெடுஞ்சாலையில் கிடைத்தது. ஆளுநர் சர் ஜான் நிக்கல் பெயர் தாங்கி, மெர்டேக்கா பாலத்தோடு 1956-இல் திறக்கப்பட்ட சாலை அது. 2004 ஏப்ரல் 20-ஆம் நாள் பிற்பகலில், அதன் அருகே வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டப்பட்டுவந்த ஆழ்ந்த பள்ளத்தின் தாங்கு கம்பங்கள் முறிந்தன. பள்ளம் உட்சரிந்தது, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் அதனுடன் போயிற்று. நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை.

விசாரணைக் குழு பல குறைகளை எடுத்துக் காட்டியது. தாங்கு கம்பங்கள் இணையும் இடத்தில் வடிவமைப்புப் பிழை இருந்தது; மண்ணின் தன்மையைக் கணித்த முறையும் பொருத்தமற்றது. இவற்றினும் கவனிக்கத்தக்கது வேறொன்று. பள்ளத்தின் சுவர் எவ்வளவு வளைகிறது என்பதை அளக்கக் கருவிகள் இருந்தன. இவ்வளவுக்கு மேல் வளைந்தால் ஆபத்து என எல்லையும் குறித்திருந்தார்கள். சுவர் அந்த எல்லையைத் தாண்டியது. தாண்டியபோது வேலையை நிறுத்திக் காரணம் தேடுவதற்குப் பதிலாக, கணக்கை மறுபடி போட்டு எல்லையையே உயர்த்திக்கொண்டார்கள். காய்ச்சல் மிகுந்தால் மருந்து தேடாமல், வெப்பமானியில் கோட்டை மேலே வரைவது போன்ற செயல் அது.

இந்நிகழ்ச்சி காட்டும் உண்மை இது. ஒப்புதல் ஒரு நாளில் முடிந்துவிடும் சடங்கன்று. வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு, வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஒப்புதலை மண்ணும் சுவரும் சோதிக்கின்றன. அச்சோதனையின் விடையை மதிக்காதவரிடம் எவ்வளவு உயர்ந்த சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

கணக்கிடாமல் இட்ட கையொப்பம்

மூன்றாவது நிகழ்ச்சி மேலும் வருந்தத்தக்கது. ஏனெனில் முன்னிரு பாடங்களும் கற்ற பின்னர் அது நிகழ்ந்தது. தெம்பனிஸ் விரைவுச்சாலையிலிருந்து தீவு விரைவுச்சாலைக்கும் அப்பர் சாங்கி ரோடு ஈஸ்டுக்கும் செல்லும் மேம்பாலம் ஒன்றை நிலப் போக்குவரத்து ஆணையம் கட்டுவித்து வந்தது. 2017 ஜூலை 14-ஆம் நாள் விடியுமுன், தொழிலாளர்கள் தளத்துக்குக் கான்கிரீட் வார்த்துக்கொண்டிருந்தார்கள். தூணின் தலையில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு, பாலத்தின் உத்திரங்களைத் தாங்கும் கான்கிரீட் தாங்கிகள் பிளந்தன. இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி இடிந்து விழுந்தது. சீனாவிலிருந்து வந்த தொழிலாளர் ஒருவர் மாண்டார், பதின்மர் காயமுற்றனர்.

நீதிமன்றத்தில் பின்னர் வெளிவந்த செய்திகள் சிந்திக்கத்தக்கவை. அந்தத் தாங்கிகள் தம்மீது வரும் சுமையைத் தாங்கப் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தன. விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே அவற்றில் விரிசல்கள் காணப்பட்டன. கண்டும் வேலை நிற்கவில்லை. அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரோ, சட்டம் விதித்தபடி தாமே கணக்கிட்டுப் பார்க்காமல் சான்றளித்திருந்தார். வடிவமைத்த பொறியாளரும் சரிபார்த்த பொறியாளரும் சிறைத்தண்டனை பெற்றனர்.

குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டது நியாயமே. ஆனால் தண்டனையோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது தகாது. 1986-இல் இரண்டாவது கண் இல்லாததால் கட்டடம் விழுந்தது. 1989-இல் சட்டம் இரண்டாவது கண்ணைத் தந்தது. 2017-இல் அந்தக் கண் திறந்திருந்தும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஒரு தனி மனிதரின் அசட்டையே காரணம் என்று கூறுவாரும் உளர். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஏற்பாட்டில் இருக்கிறது. கட்டட வேலை யாருக்காக நடைபெறுகிறதோ அவர்தாம் சரிபார்ப்பாளரை அமர்த்துகிறார். சரிபார்ப்பாளருக்கு அந்த வேலையில் தொழில் தொடர்போ பண நலனோ இருத்தல் கூடாது என்று சட்டம் கூறுகிறது, அது சரியே. ஆயினும் அடுத்த வேலையும் தமக்கே வரவேண்டும் என்னும் ஆசை எந்தச் சட்டத்தாலும் அழிக்கக்கூடியதன்று. தடை சொல்லும் சரிபார்ப்பாளரைவிடத் தடை சொல்லாத சரிபார்ப்பாளரைச் சந்தை விரும்பும். விரைவாகவும் குறைந்த கூலிக்கும் கையொப்பம் இடுபவருக்கு வேலை குவியும். தேர்வு எழுதும் மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளமும் கொடுப்பானாயின், அந்த ஆசிரியர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தத் தேர்வு ஐயத்துக்கு இடமாகவே இருக்கும்.

மாண்டவர்களின் மேட்டில்

இனி முதல் வினாவுக்கு வருவோம். "இச்சாலை இவ்வழியே வேண்டுமா?" என்னும் வினா சிங்கப்பூரில் மிக உரக்கக் கேட்கப்பட்டது புக்கிட் பிரவுன் மேட்டில்தான். 1922-இல் நகராட்சியால் திறக்கப்பெற்று 1973-இல் மூடப்பட்ட சீன இடுகாடு அது. ஏறத்தாழ ஒரு லட்சம் சமாதிகள் அங்கே உள்ளன. பழைய சிங்கப்பூரின் வணிகரும் கொடையாளரும் கூலிகளும் அங்கே துயில்கின்றனர். சில செல்வர் சமாதிகளுக்குச் சீக்கியக் காவலர் சிலைகள் காவல் நிற்பதைக் காணலாம். இறந்த பின்னும் பக்கத்து இனத்தானின் காவலை நாடிய அக்காலச் சமூகத்தின் நினைவு அது.

2011 செப்டம்பரில் அவ்விடுகாட்டின் குறுக்கே எட்டு வழிச் சாலை ஒன்று போடப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. லோர்னி ரோட்டில் காலையிலும் மாலையிலும் உள்ள நெரிசலைத் தீர்ப்பது நோக்கம். சிங்கப்பூர் மரபுச் சங்கமும் இயற்கைக் கழகமும் தத்தம் வாதங்களை எழுதி முன்வைத்தன. பொதுமக்கள் ஞாயிறுதோறும் கூட்டமாகச் சென்று சமாதிகளைச் சுற்றிப் பார்த்தார்கள். தம் பாட்டன் பூட்டனைத் தேடிக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. 2012 மார்ச்சில் இறுதித் திட்டம் வெளிவந்தது. சாலையின் மூன்றில் ஒரு பங்கு பாலமாக உயர்த்தப்படும். அதன் கீழே நீரும் விலங்கும் வழக்கம்போல் செல்லலாம். முதலில் ஐயாயிரம் என மதிப்பிடப்பட்ட சமாதிகளின் எண்ணிக்கை 3,746 எனக் குறைந்தது. அகற்றப்படும் ஒவ்வொரு சமாதியையும் அறிஞர் குழு ஒன்று பதிவு செய்தது. 2018 அக்டோபரில் சாலையின் ஒரு பகுதியும், 2019 ஏப்ரலில் முழுமையும் திறக்கப்பட்டன. லோர்னி நெடுஞ்சாலை என்பது இன்று அதன் பெயர்.

இதில் அரசாங்கத்தின் பக்கம் பாராட்டத்தக்கன பல. அது கேட்டது, சிறிதளவு மாற்றியது, பதிவுக்குப் பணமும் காலமும் ஒதுக்கியது. ஆயினும் முறையில் ஒரு குறை இருந்ததை மறைக்க இயலாது. சாலை வருகிறது என்பது முடிவான பிறகே உரையாடல் தொடங்கிற்று. எப்படிப் போடலாம் என்பதில் மக்கள் கருத்துக்கு இடமிருந்தது. போடலாமா என்பதில் இடமிருக்கவில்லை. உயிரினங்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு நடந்தது உண்மை. ஆனால் வேறு வழிகளையும் ஒப்பிட்டு, முடிவுக்கு முன்னரே மக்கள் முன் வைக்கும் முழுமையான சுற்றுச்சூழல் தாக்க ஆய்வாக அது அமையவில்லை. அது அரசு நிலமாதலால் எதிர்த்து மனுக்கொடுக்கச் சொந்தக்காரரும் இல்லை. மாண்டவர்களுக்கு மனுக்கொடுக்கத் தெரியாது. 2014-ஆம் ஆண்டுக்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் புக்கிட் பிரவுன் இடம்பெற்றபோது சமாதிகளைத் தோண்டும் வேலைக்கு நாள் குறித்தாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் நிலமாயின் நிலைமை என்ன? 1966-இல் இயற்றப்பெற்ற நில எடுப்புச் சட்டத்தின்படி, ஒரு நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவை என்று அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால், அத்தேவைக்கு அந்த அறிவிப்பே முடிவான சான்று. எவ்வளவு பணம் என்பதைப் பற்றி மேல்முறையீடு செய்யலாம். எதற்காக என்பதைப் பற்றி அவ்வாறு செய்ய இயலாது. இழப்பீட்டில் முன்னாளில் இருந்த கடுமை 2007-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கி, இன்று சந்தை விலை கிடைக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை நியாயம் பெரிதும் வந்துவிட்டது என்றே கூறவேண்டும்.

லிட்டில் இந்தியாவுக்கு அடுத்தாற்போல் இருந்த ரோச்சோர் சென்டரை நினைவில் வைத்திருப்போர் பலர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு வண்ண அடுக்கு வீடுகள். 21.5 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு-தெற்கு விரைவுச்சாலைத் திட்டத்துக்காக அவை எடுக்கப்படும் என்று 2011 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2018-இல் இடித்து அகற்றப்பட்டன. குடியிருந்தோருக்கு மாற்று வீடும் இழப்பீடும் கிடைத்தன. ஆனால் நாற்பது ஆண்டு வாடிக்கையை ஒரு கடைக்காரர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? பக்கத்து வீட்டுக் கிழவியின் துணையை எந்த மதிப்பீட்டாளர் விலை கட்டுவார்? சாலை தேவையென்பதை ஒப்புக்கொண்டாலும், இவற்றைக் கேட்டு எழுதி வைக்க ஒரு மன்றம் இருந்திருக்க வேண்டும். பிற்பாடு அத்திட்டத்தையே பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் இடம் தரும் பெருவழியாக மாற்றியமைத்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நிலம் எடுத்த பின் திட்டத்தின் நோக்கம் விரிவடையலாம் என்றால், நிலம் எடுக்குமுன் அதனைப் பேசியிருக்கவும் இயன்றிருக்கும்.

பிற நாடுகளின் அனுபவம்

கேட்டால் காலதாமதம் ஆகும், திட்டம் கெடும் என்பது எதிர்வாதம். இதற்குச் சான்றாகத் தமிழ்நாட்டைக் காட்டுவது வழக்கம். சென்னையையும் சேலத்தையும் இணைக்க 277 கிலோமீட்டர் நீளத்துக்கு எட்டு வழிச்சாலை 2018-இல் திட்டமிடப்பட்டது. ஐந்து மாவட்டங்களின் உழவர்கள் தம் வயலும் கிணறும் தென்னையும் போய்விடும் என்று எதிர்த்தனர். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை நீக்கியது. 2020 டிசம்பர் 8-இல் உச்சநீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் வேலையைத் தொடங்கலாகாது என்றும் கூறியது.

இதைப் பார்த்து, "பார்த்தீர்களா, மக்களைக் கேட்டதால் சாலை நின்றது" என்பார்கள். நிகழ்ச்சியை ஊன்றிப் பார்ப்போர் அவ்வாறு சொல்லார். இந்திய நெடுஞ்சாலைச் சட்டம் ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தொரு நாள் தருகிறது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக் கேட்பையும் விதிக்கிறது. ஏட்டில் சிங்கப்பூரைவிட அங்கே உரிமை மிகுதி. ஆனால் நிலத்தை அளந்து கல் நட்ட பிறகு கேட்கப்போனார்கள். கல்லைக் கண்ட உழவன் அரசாங்கத்தின் காதை நம்பவில்லை. நீதிமன்றத்தின் காதை நாடினான். ஆகவே காலதாமதத்துக்குக் காரணம் கேட்டதன்று; காலம் கடந்து கேட்டதே. சட்டத்தில் உரிமை இருப்பது வேறு. உரிய வேளையில் அது பயன்படுவது வேறு.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்பாடத்தை முன்னரே கற்றார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரமன்றம் 1959-இல் திட்டமிடப்பட்டிருந்த நெடுஞ்சாலைகளுட் பலவற்றை மக்கள் எதிர்ப்புக்கு இணங்கி வேண்டாமென்று தீர்மானித்தது. 1969-இல் இங்கிலாந்தில் ஸ்கெஃபிங்டன் குழு, திட்டம் உருவாகும்போதே மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிக்கை தந்தது. 1970-இன் முதல் நாளில் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் கையொப்பமாயிற்று. பெரிய திட்டங்களின் விளைவையும் மாற்று வழிகளையும் முதலிலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அங்கும் தாமதமும் வழக்கும் மலிந்தன என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களுடைய சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளச் சிங்கப்பூருக்கு அவசியமில்லை. அதன் அடிப்படை நியாயத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

சிங்கப்பூரே அவ்வழியில் சிறிது தூரம் வந்திருக்கிறது. குறுக்குத் தீவு ரயில் பாதை நடுத்தீவின் இயற்கைக் காப்பகத்தின் கீழே செல்லவேண்டுமா, சுற்றிச் செல்லவேண்டுமா என்னும் கேள்வி எழுந்தபோது, இரு வழிகளும் ஒப்பிடப்பட்டன. முதற்கட்ட ஆய்வறிக்கை 2016-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2019 டிசம்பரில் 70 மீட்டர் ஆழத்தில் நேர்வழியே செல்வதென்று காரணங்களோடு முடிவு அறிவிக்கப்பட்டது. அம்முடிவை ஏற்காதவர்களும் காரணம் சொல்லப்பட்டது என்பதை ஏற்றார்கள். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு முறை மேலும் செம்மையாக்கப்பட்டது. ஆயினும் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பல சட்டங்களின் கீழுள்ள அதிகாரங்களைக் கொண்டே இது நடைபெறுகிறது. நல்ல அதிகாரி இருக்கும்வரை நல்லதே நடக்கும். அதிகாரி மாறினாலும் நல்லதே நடக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும்.

செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. நான்கு காரியங்கள் செய்யத்தக்கன.

முதலாவது, சாலைகளுக்கும் பாலங்களுக்கும் உரிய சரிபார்ப்பாளரை, அந்த வேலையை நடத்துபவர் தேர்ந்தெடுத்தல் கூடாது. தகுதியுடையோர் பட்டியலிலிருந்து முறை வைத்து வேறோர் அமைப்பு அமர்த்த வேண்டும். கூலியும் அதன் வழியே செல்லவேண்டும். அவர் போட்ட கணக்கையும் சான்றிதழோடு சேர்த்து ஒப்படைக்கச் செய்தல் வேண்டும். கணக்கில்லாத கையொப்பத்துக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, வேலைத்தளத்தில் விரிசலைக் காண்பவன் முதலில் தொழிலாளியே. அவன் கண்டதைத் தன் மொழியில், தன் வேலை போய்விடும் என்னும் அச்சமின்றி, மேற்பார்வையாளரைத் தாண்டியும் சொல்ல வழி வேண்டும். தமிழ், வங்காளம், சீனம் ஆகிய மொழிகளில் அவ்வழி திறந்திருக்க வேண்டும். சொன்ன பிறகு பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் விடை தரும்வரை அவ்விடத்து வேலை நிற்கவேண்டும்.

மூன்றாவது, பெரிய சாலைத் திட்டம் எதற்கும் பாதை முடிவாகுமுன்னரே, ஆராயப்பட்ட மாற்று வழிகளும் அவை தள்ளப்பட்ட காரணங்களும் நான்கு மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். ஆட்சேபங்களுக்குக் காலவரம்பு வைக்கலாம். மூன்று மாதம் போதும். ஆனால் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் விடை எழுதப்பட வேண்டும்.

நான்காவது, சாலை திறந்து ஐந்து ஆண்டு சென்ற பின், எந்த நெரிசலைத் தீர்க்கும் என்று சொல்லிப் போட்டார்களோ, அது தீர்ந்ததா என்று அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்னது நடந்திருந்தால் அடுத்த திட்டத்துக்கு நம்பிக்கை வளரும். நடக்காவிட்டால் அடுத்த கணக்கு திருந்தும்.

இவற்றால் செலவும் காலமும் கூடும் என்பது மெய். ஆனால் விபத்தின் செலவையும் காலத்தையும் எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். நிக்கல் நெடுஞ்சாலை ஏழு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்தது. ரயில் நிலையமே வேறிடத்துக்கு மாறிற்று. 2020-இல் முடியவேண்டிய சாங்கி மேம்பாலம் அவ்வாண்டில் முடியவில்லை. வேலை வேறொரு ஒப்பந்தக்காரரிடம் போயிற்று. ஒரு மாதம் கணக்குப் போடச் சோம்பியதற்கு ஆண்டுக்கணக்கில் விலை கொடுத்தார்கள். உயிருக்கு விலையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் கூடும் தொழிலாளர்களைப் பார்ப்பவர்கள், அவர்கள் கைகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இத்தீவின் பாலங்கள் அந்தக் கைகளில்தான் எழுகின்றன. ஒரு பொறியாளர் தம் அறையில் கணக்குப் போடாமல் கையொப்பம் இட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பாலத்தின் மேல் நிற்பவர்கள் அவர்கள். 1825-இல் வந்த கைதியை எவரும் கேட்கவில்லை. இன்று வந்திருப்பவன் கைதியல்லன். கூலி பேசி வந்த தொழிலாளி. அவனுக்கும், அவன் போடும் சாலையால் வீடு பெயரும் குடிமகனுக்கும், ஒப்புதல் வழங்குமுன் விடை சொல்லக் கடமைப்பட்டவர் இருக்கிறார். அவர் யார் என்பதைச் சட்டம் பெயர் சுட்டி எழுதி வைக்கட்டும்.